மக்கும் பாலியெஸ்டர் கலவையில் எங்கே கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"எல்லாம் எஸ்டர் வகையறாதானே, ஒன்றோடொன்று கலந்துவிடும்" என்ற நம்பிக்கையோடுதான் இந்த வேலைக்குள் பலரும் நுழைகிறார்கள். நானும் அப்படித்தான் நுழைந்தேன். பாலிலாக்டிக் அமிலம், அதாவது பிஎல்ஏ. அதோடு பிசிஎல் என்கிற பாலிகேப்ரோலாக்டோன், கேரிபேக் பிலிமில் வரும் பிபிஏடி (பாலிபியூட்டிலீன் அடிப்பேட் டெரப்தலேட்), பிபிஎஸ் (பாலிபியூட்டிலீன் சக்சினேட்), பாக்டீரியா தன் உடலுக்குள் சேமித்து வைக்கும் பிஎச்பி (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்). பெயரளவில் எல்லாம் ஒரே குடும்பம். உருக்கி ஒன்றாகப் போட்டால் பெரும்பாலான ஜோடிகள் தனித்தனியாகத்தான் நிற்கின்றன.

காரணம் பாலிமர் சங்கிலியின் நீளம். சர்க்கரை தண்ணீரில் கரையும்போது மூலக்கூறுகள் எப்படி வேண்டுமானாலும் இடம் மாறிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரமே கலத்தலுக்குத் துணை நிற்கிறது. ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்த சங்கிலிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதனால் இரண்டு பாலிமருக்கும் இடையே துளி விலக்கம் இருந்தாலும் போதும், பிரிந்துவிடும். பிஎல்ஏ–பிசிஎல், பிஎல்ஏ–பிபிஏடி, பிஎல்ஏ–பிபிஎஸ், பிஎச்பி–பிசிஎல் எல்லாமே பிரியும் ஜோடிகள்தான். பிஎச்பியும் பிஎல்ஏவும் சேர வேண்டுமானால் பிஎல்ஏவின் மூலக்கூறு எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். எடை கூடினால் அந்த உறவும் முறிந்துவிடும்.

கீழே உள்ள எந்த அறிகுறி வந்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கலந்ததா? படிகமானதா, அதாவது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டனவா? கலக்காத கலவை நன்றாகப் படிகமாகலாம்; ஒன்றறக் கலந்தது படிகமாகாமல் அடம்பிடிக்கலாம். நான் பார்த்த குழப்பங்களில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்ததால் வந்தவை.

கையில் இருக்க வேண்டிய எண்களையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போன்ற கெட்டி நிலையிலிருந்து பாலிமர் இளகும் வெப்பநிலையை ஆய்வகத்தில் டிஜி என்போம். பிஎல்ஏவுக்கு டிஜி சுமார் 60 டிகிரி செல்சியஸ், உருகுநிலை ரகத்தைப் பொறுத்து 150 முதல் 180 வரை. பிசிஎல்லுக்கு டிஜி மைனஸ் 60, உருகுநிலை 60. பிபிஎஸ்ஸுக்கு மைனஸ் 32, 114. பிபிஏடிக்கு மைனஸ் 30, 110 முதல் 125. பிஎச்பிக்கு 0 முதல் 5, 175 முதல் 180. இந்த வரிசையை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஒருவரின் டிஜி இன்னொருவரின் உருகுநிலை மேல் போய் விழுகிறது. இரண்டு பேரின் உருகுநிலையும் ஒரே இடத்தில் நிற்கிறது. பாதிச் சிக்கல் இந்தத் தற்செயலில்தான் இருக்கிறது.

அறிகுறி: டிஎஸ்சி வரைபடத்தில் ஒரே ஒரு டிஜிதான் தெரிகிறது

டிஎஸ்சி என்பது மாதிரியைச் சூடேற்றிக்கொண்டே அது உறிஞ்சும், உமிழும் வெப்பத்தை வரையும் கருவி. டிஜி அதில் ஒரு படியாகவும், உருகுதல் ஒரு மேடாகவும் தெரியும். ஒரே டிஜியைப் பார்த்ததும் உடனே "ஒன்றறக் கலந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன். 80 பங்கு பிஎல்ஏ, 20 பங்கு பிசிஎல் போட்ட கலவை. 58 டிகிரியில் ஒரே ஒரு படி. பெருமையோடு வரைபடத்தை நீட்டினேன். என் வழிகாட்டி எண்ணைப் பார்க்கவே இல்லை, வரைபடத்தின் இடது ஓரத்தைத்தான் பார்த்தார். "இருபதுல ஆரம்பிச்சிருக்க. பிசிஎல் மைனஸ் அறுபதுல இருக்கு. அவன் ஊருக்கே போகாம ஆள் இல்லைன்னு சொல்றியா?"

முதல் வேலை, மைனஸ் 80-இலிருந்து ஓட்டுங்கள். இரண்டாவது வேலை, கலந்திருந்தால் டிஜி எங்கே வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஃபாக்ஸ் சமன்பாடு போதும்: எடைப் பங்கை அந்தந்த டிஜியால் வகுத்துக் கூட்டி, வந்ததைத் தலைகீழாக்க வேண்டும். வெப்பநிலை கெல்வினில் இருக்கட்டும். பிஎல்ஏவுக்கு 0.8-ஐ 333-ஆல் வகுக்கிறோம், பிசிஎல்லுக்கு 0.2-ஐ 213-ஆல். கூட்டித் தலைகீழாக்கினால் சுமார் 299 கெல்வின், அதாவது 26 டிகிரி. என் மாதிரி காட்டியது 58. முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். கலந்ததற்கான அடையாளமே இல்லை.

அப்படியானால் மைனஸ் 60-இல் இரண்டாவது படி ஏன் கண்ணில் படவில்லை? மைனஸ் 80-இலிருந்து ஓட்டினாலும் அது லேசில் தெரியாது. 20 சதவீதம்தான் பிசிஎல். அதிலும் ஏறக்குறைய பாதி படிகமாக உறைந்திருக்கும். எஞ்சிய கொஞ்சம்தான் படி காட்டும். போதாக்குறைக்கு பிசிஎல் 60-இல் உருகும் மேடு, பிஎல்ஏவின் டிஜி மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்த 58, டிஜியா உருகுதலா என்பதே சந்தேகத்துக்குரியது.

மாதிரியை அதிர வைத்து அளக்கும் டிஎம்ஏ கருவி இருந்தால் அதில் ஓட்டுங்கள். அதிர்வுக்கு வரும் பதிலில் இரண்டு தணிப்பு மேடுகள் தனித்தனியாக எழும்பினால் கதை முடிந்தது. சூடேற்றும் வேகத்தை ஏற்றி இறக்கி அளக்கும் பண்பேற்ற டிஎஸ்சி இருந்தால், மீள் சமிக்ஞையில் டிஜி படி ஓரளவு பிரிந்து தெரியும். இரண்டும் இல்லையென்றால் ஏழையின் சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய பிலிம் ஒன்றை உருக்கி ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, 75 டிகிரி தட்டின் மேல் வையுங்கள். பிசிஎல் உருகிவிடும், பிஎல்ஏ படிகமாகத் தொடங்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பிலிம் பால் நிறத்திலேயே இருந்தால் கலக்கவில்லை. தெளிந்துவிட்டால் கலந்துவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். துளிகள் மிகச் சிறியவையாக இருந்தாலும், இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் அருகருகே இருந்தாலும் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும்.

இன்னொரு சாட்சி துருவ ஒளி நுண்ணோக்கி. ஒரு புள்ளியிலிருந்து வட்டமாக விரியும் படிகத் திரளை ஸ்பெருலைட் என்போம், அந்தத் தொடக்கப் புள்ளியைக் கரு என்போம். ஒரே வெப்பநிலையில் சுத்த பிஎல்ஏவின் ஸ்பெருலைட்டும் கலவையின் ஸ்பெருலைட்டும் எவ்வளவு வேகமாக விரிகின்றன என்று நேரம் வைத்து அளந்து பாருங்கள். வேகம் மாறாமல், எண்ணிக்கை மட்டும் கூடியோ குறைந்தோ இருந்தால் இரண்டாவது பாலிமர் வெளியே நின்று கரு மட்டும் கொடுக்கிறது. உள்ளே கலந்திருந்தால் விரியும் வேகமே மாறும். உருகுநிலை ஒன்றிரண்டு டிகிரி இறங்கியதைக் காட்டிக் கலந்ததாக வாதாடும் கட்டுரைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. படிகத் தகடு மெலிந்தாலும் உருகுநிலை இறங்கும். ஹாஃப்மன்–வீக்ஸ் முறையில், அதாவது பல வெப்பநிலைகளில் படிகமாக்கி அளந்த உருகுநிலைகளைக் கோடாக நீட்டி, தகட்டின் தடிமன் பாதிக்காத சமநிலை உருகுநிலையைப் பார்த்த பிறகு பேசலாம்.

அறிகுறி: சூடான டீ ஊற்றினால் கப் நெளிகிறது

இது கலத்தல் பிரச்சினை இல்லை. பிஎல்ஏ படிகமாகவில்லை, அவ்வளவுதான். படிகமாகாத பிஎல்ஏவுக்கு 60 டிகிரியைத் தாண்டினால் முதுகெலும்பு கிடையாது.

பிஎல்ஏ வேகமாகப் படிகமாவது 100 முதல் 120 டிகிரிக்குள். மோல்டை 30 டிகிரியில் வைத்திருந்தால் உருகிய பிஎல்ஏ அந்த வெப்பநிலைகளைச் சில நொடிகளில் கடந்து உறைந்துவிடும். சுத்த பிஎல்ஏவுக்கு நிமிடக் கணக்கில் நேரம் வேண்டும். அதனால் முதலில் ரகத்தைப் பாருங்கள். டி வகை லாக்டிக் அலகு (வழக்கமான எல் வகையின் கண்ணாடிப் பிம்பம்) பத்து சதவீதத்தைத் தாண்டிய ரகம் என்ன செய்தாலும் படிகமாகாது. அதை வைத்துக்கொண்டு மோல்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருக்கும் ரகத்தை எடுங்கள்.

அப்புறம் கரு கொடுங்கள். நுண்ணிய டால்க் ஒரு சதவீதம் போதும். கூடவே சிட்ரேட் எஸ்டர் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற இளக்கியைக் கொஞ்சம் சேர்த்தால் சங்கிலி அசையும் வேகம் கூடும். டால்க் கருவைப் பெருக்குகிறது, இளக்கி வளர்ச்சியைத் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் பாதி படிகமாகும் நேரம் ஒரு நிமிடத்துக்குக் கீழே வரும். மோல்டையும் 100 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்த மோல்டில் எவ்வளவு டால்க் போட்டாலும் வீண்.

எனக்குப் பிடித்த வித்தை வேறு. பிஎல்ஏவில் அதன் கண்ணாடிப் பிம்பமான டி வகைப் பிஎல்ஏவைச் சில சதவீதம் சேர்ப்பது. இரண்டு கை வகைச் சங்கிலிகளும் ஜோடி சேர்ந்து தனி வகைப் படிகம் உண்டாகும். அதன் உருகுநிலை 230 டிகிரிக்குப் பக்கம். 1987-இல் ஜப்பானின் இகாடா குழு அறிவித்த விஷயம் இது. எக்ஸ்ட்ரூடரை (உருக்கிக் கலந்து தள்ளும் இயந்திரம்) 190 அல்லது 200-இல் ஓட்டும்போது இந்த ஜோடிப் படிகங்கள் உருகாமல் அங்கங்கே மிதக்கும், மற்ற பிஎல்ஏவுக்கு அவையே கரு. வெளிப் பொருள் எதுவும் தேவையில்லை. வெப்பநிலையை 240-க்கு ஏற்றிவிட்டால் மட்டும் கருவும் சேர்ந்து கரைந்துவிடும்.

பிபிஏடி சேர்த்தால் சூடு தாங்குமா என்று சிலர் கேட்கிறார்கள். தாங்காது. பிலிம் கிழியாமல் இழுபடும், சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் தொளதொளப்பாகும்.

அறிகுறி: டிரையரில் குருணை பாறையாகக் கட்டிக்கொண்டது

எக்ஸ்ட்ரூடரிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போன குருணை படிகமாகாமல் உறைந்திருக்கிறது. அதை 80 டிகிரி டிரையரில் போட்டால் ஒட்டத்தானே செய்யும். 45 முதல் 50 டிகிரியில் நிறைய நேரம் உலர்த்துங்கள். இல்லையென்றால் கிளறிக்கொண்டே சூடேற்றி முதலில் படிகமாக்குங்கள். வெள்ளையாக மாறிய பிறகு 80-இல் உலர்த்தலாம்.

அறிகுறி: படிக அளவு நம்ப முடியாத எண்ணாக வருகிறது

அச்சில் வார்த்த, பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் துண்டு. கணக்கு 41 சதவீதம் படிகம் என்கிறது. கண் சொல்வதை நம்புங்கள்.

70 பங்கு பிஎல்ஏ, 30 பங்கு பிபிஏடி என்று வைத்துக்கொள்வோம். உருகல் மேட்டின் பரப்பு கிராமுக்கு 27 ஜூல். முழுப் படிக பிஎல்ஏவுக்கு 93 ஜூல் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண். 27-ஐ 0.7 பெருக்கல் 93-ஆல் வகுத்தால் 41 சதவீதம். ஆனால் அந்தப் படிகத்தில் பெரும்பகுதி டிஎஸ்சி சூடேறும்போது அங்கேயே பிறந்தது. 100 டிகிரிக்கு மேல் எதிர்ப்பக்கமாக ஒரு பள்ளம் தெரிகிறதே, அதுதான் பிறந்த இடம். அந்தப் பள்ளம் 20 ஜூல் என்றால் கழிக்க வேண்டும். மிச்சம் 7, அதை 65.1-ஆல் வகுத்தால் 10.8 சதவீதம். துண்டு பளபளத்ததில் ஆச்சரியமில்லை. 0.7-ஐ மறந்தால் 7.5 சதவீதம் என்று இன்னொரு தப்பான எண் வரும். அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பள்ளம் 100 முதல் 120 வரை விழுகிறது. பிபிஏடியும் பிபிஎஸ்ஸும் உருகுவதும் அங்கேயேதான். ஒன்று வெப்பத்தை உமிழ, இன்னொன்று உறிஞ்ச, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பள்ளம் 20 என்று படித்தது உண்மையில் 24-ஆகவும் இருக்கலாம்.

பிரிக்க ஒரு வழி உண்டு. சூடேற்றும் வேகத்தை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 2, 10, 20 டிகிரி என்று மூன்று முறை ஓட்டினால், படிகமாகும் பள்ளம் நிறைய நகரும்: மெதுவாகப் போனால் கீழே வரும், வேகமாகப் போனால் மேலே போகும். உருகல் மேடு அவ்வளவாக நகராது. நகர்ந்தது பிஎல்ஏ, நின்றது மற்றது. பிபிஎஸ் கலவைக்கு இன்னொன்றும் செய்யலாம். மாதிரியை டிஎஸ்சிக்குள்ளேயே 100 டிகிரியில் நிறுத்தி பிஎல்ஏவை முழுக்கப் படிகமாக்குங்கள். பிறகு குளிரவிட்டு மறுபடி சூடேற்றினால் பள்ளமே இருக்காது. பிபிஎஸ்ஸின் மேடு தனியாக நிற்கும், அதன் பரப்பை நேராக அளக்கலாம்.

முதல் சூடேற்றத்தை எறிந்துவிட்டு, குளிரவிட்டுச் செய்யும் இரண்டாவதை மட்டும் எழுதும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. முதலாவது சொல்வது பொருளின் வரலாறு: மோல்டு, குளிர்ந்த வேகம், அலமாரியில் கிடந்த நாட்கள். இரண்டாவது சொல்வது பாலிமரின் இயல்பு. உங்கள் கப் ஏன் நெளிந்தது என்ற கேள்விக்கு இரண்டாவதில் பதில் கிடையாது.

அறிகுறி: உருகல் மேடு இரண்டாகப் பிளந்திருக்கிறது

இரண்டு மேடு என்றால் இரண்டு பாலிமர் என்று அர்த்தமில்லை. சுத்த பிஎல்ஏவே இப்படிக் காட்டும். மெலிந்த படிகம் முதலில் உருகி, அந்த இடத்திலேயே தடித்த படிகமாக மறுபடி கட்டி, பிறகு உருகும். இங்கேயும் வேகத்தை மாற்றினால் தெரிந்துவிடும். மெதுவாக ஓட்டும்போது மேல் மேடு வளர்ந்து, வேகமாக ஓட்டும்போது கீழ் மேடு வளர்ந்தால் ஒரே பாலிமர் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மேட்டுக்குச் சற்று முன்னால் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தால், 100 டிகிரிக்குக் கீழே உருவான ஒழுங்கு குறைந்த படிகம் ஒழுங்கான வகைக்கு மாறுகிறது என்று பொருள். அந்தத் துண்டு எந்த வெப்பநிலையில் படிகமானது என்பதற்கு அது நல்ல துப்பு.

பிஎச்பி–பிஎல்ஏ கலவையில் டிஎஸ்சியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இரண்டும் 175-க்குப் பக்கத்தில் உருகும். எக்ஸ்ரே எடுங்கள். தாமிரக் கதிரில் 17 டிகிரி கோணத்துக்குச் சற்று முன்னால் இரண்டின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும், அதை விட்டுவிடுங்கள். 13.5-இல் நிற்பது பிஎச்பி, 19-இல் நிற்பது பிஎல்ஏ.

அறிகுறி: அன்று வளைந்தது, பத்து நாளில் அப்பளம் மாதிரி ஒடிகிறது

இதற்கு மூன்று காரணங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

பிஎல்ஏ அதிகமுள்ள கலவை என்றால் பெரும்பாலும் மூப்பு. டிஜிக்குக் கீழே கிடக்கும் சங்கிலிகள் மெல்ல மெல்ல நெருங்கி அமர்கின்றன. முதல் சூடேற்றத்தில் 60 டிகிரி படியின் முனையில் கூரான மேடு ஒன்று முளைத்திருக்கும். அதைப் பார்த்து பிசிஎல் உருகுகிறது என்று ஏமாந்தவர்கள் உண்டு. சோதனை சுலபம்: துண்டை 70 டிகிரியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, உடனே குளிர்வித்து வளைத்துப் பாருங்கள். பழையபடி வளைந்தால் மூப்புதான்.

பிஎச்பி அதிகம் என்றால் கதை வேறு. அதன் டிஜி அறை வெப்பநிலைக்குக் கீழே இருப்பதால் சங்கிலிகள் மேசை மேல் கிடக்கும்போதும் அசைகின்றன, படிகமாதல் நிற்பதே இல்லை. படிகங்களுக்கு இடையில் மிச்சமிருக்கும் இளகிய பகுதி நாளுக்கு நாள் இறுகுகிறது. கூடவே பிஎச்பி பாக்டீரியாவிலிருந்து மிகச் சுத்தமாக வருவதால் கரு குறைவு. ஸ்பெருலைட்டுகள் பெரிதாக வளர்ந்து, நடுவே வெடிப்பும் விடும். 120 டிகிரிக்கு மேல் பதப்படுத்தினால் இறுக்கம் ஓரளவு தளரும். நிரந்தர வழி, வேலரேட் அலகு கலந்த ரகத்துக்கு மாறி, கருவும் கொடுப்பது.

மூன்றாவது, இளக்கி வெளியேறுவது. விரலால் தடவினால் பிசுக்கென்று இருக்கும். பிஎல்ஏ படிகமாகும்போது இளக்கியைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்ளாது. மிச்சமிருக்கும் பகுதியில் அதன் அளவு ஏறி, தாங்க முடியாமல் பிரிந்து மேலே வரும். இளக்கியைக் குறையுங்கள், அல்லது மூலக்கூறு எடை கூடியதாக மாற்றுங்கள்.

அறிகுறி: பிபிஏடி சேர்த்தும் பிலிம் இழுபடவில்லை

முறிந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள். வழுவழுப்பான உருண்டைகளும், உருண்டை கழன்று விழுந்த குழிகளும் இருந்தால் இரண்டு பாலிமரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. எபாக்சி குழு உள்ள சங்கிலி நீட்டியைச் சிறிதளவு சேர்த்தால் இரண்டின் முனைகளையும் அது பிணைக்கும், துளிகளும் பொடியாகும். கை தாராளமாகிவிட்டால் பிலிமில் மீன் கண் போல ஜெல் கட்டிகள் தோன்றும். அரை சதவீதத்துக்குக் கீழே தொடங்கி ஏற்றுவது நல்லது.

அறிகுறி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உருகுநிலை இறங்குகிறது

ஈரமா, எஸ்டர் இடமாற்றமா? இரண்டும் சூட்டில் நடப்பவை. ஈரம் சங்கிலியை வெட்டும். உருகிய பாலிமர் தண்ணீராக ஓடும், டிஜிகள் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். இடமாற்றத்தில் ஒரு பாலிமரின் துண்டு இன்னொன்றின் சங்கிலிக்குள் போய் ஒட்டுகிறது. இரண்டு டிஜிகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும், படிக மேடு சிறுத்துப் போகும். டைட்டானியம், வெள்ளீயம் சார்ந்த வினையூக்கி எச்சம் இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். கொஞ்சம் நடந்தால் எல்லையில் பசை மாதிரி உதவும். நிறைய நடந்தால் உங்கள் கையில் இருப்பது கலவையே அல்ல, இரண்டின் அலகுகளும் ஒரே சங்கிலியில் கோத்த, படிகமாக முடியாத கோபாலிமர்.

எதற்கும் முதலில் ஈரத்தைத் தள்ளுங்கள். பிஎல்ஏவுக்கு 0.025 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த ஹாப்பரில் கொட்டி வைத்த உலர்ந்த குருணை, மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். பிஎச்பி சேர்ந்திருந்தால் வெப்பத்தையும் கவனியுங்கள். உருகிய சற்று நேரத்திலேயே அது சிதையத் தொடங்கும். டிஎஸ்சியில்கூட 190-இல் ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: குளிரும்போது பிசிஎல்லின் மேடு காணாமல் போனது

கலந்ததால் அல்ல. சின்னச் சின்னத் துளிகளாகச் சிதறியதால். பெரிய கட்டியில் எங்கோ ஒரு தூசி கருவாக இருந்தால் கட்டி முழுக்கப் படிகமாகிவிடும். அதையே கோடித் துளிகளாக உடைத்தால் பெரும்பாலான துளிகளுக்குத் தூசி கிடைக்காது. அவை இன்னும் ஆழமாகக் குளிர்ந்த பிறகுதான் உறையும், அதுவும் பல சிறு மேடுகளாகப் பிரிந்து. குளிர்விப்பதை அறை வெப்பநிலையோடு நிறுத்தியிருப்பீர்கள். மைனஸ் 80 வரை நீட்டி ஓட்டுங்கள். பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ அந்தச் சிறு மேடுகள் தெரியும்.

அறிகுறி: கரைசலில் வார்த்த பிலிம் ஒன்று சொல்கிறது, எக்ஸ்ட்ரூடர் வேறொன்று சொல்கிறது

குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பதால் எளிதில் போய்விடும் என்று நினைப்போம். பிலிமுக்குள் சிக்கிய கடைசிப் பங்கு அவ்வளவு சுலபத்தில் போகாது. அது டிஜியை இறக்கி, கலந்தது போல நடிக்கும். வேக்குவம் அவனில் வைத்து, எடை ஒரே எண்ணில் நிற்கும் வரை தினமும் நிறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் டிஜி இறங்கியே இருந்தால், அதே பிலிமை ஒரு முறை உருக்கி, மெல்லக் குளிரவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாகப் பிரிந்தால், பிரிந்த நிலைதான் அதன் இயல்பு. கரைப்பான் வேகமாக ஆவியானபோது பிரிய நேரம் கிடைக்காமல் சேர்ந்து உறைந்திருக்கிறது.